பழைய பீட்டிலுக்கு எந்தப் பெட்ரோல் பம்ப்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே, பைன்டவுனிலிருந்து க்ளூஃப் நோக்கி ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில், அந்நாட்டின் யூட்டன்ஹேகில் தயாரான எங்கள் 1971ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் பெட்ரோல் வராமல் நின்றுவிட்டது. எஞ்சினே இயக்கும் இயந்திர பம்பைக் கழற்றிவிட்டு மின்சார பம்ப் பொருத்துமாறு டர்பனில் பலர் சொன்னார்கள். நான் பழையதையே வைத்துக்கொண்டேன்.

மின்சார பம்பின் நன்மை வெளிப்படையானது. பல வாரம் நிறுத்திய வண்டியில் கார்புரேட்டர் வற்றிப்போயிருந்தாலும், சாவியைத் திருப்பியதும் அது நிரப்பிவிடும். இயந்திர பம்புக்கு எஞ்சினை நெடுநேரம் சுழற்ற வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது குழாய்களின் நிலைதான். பீட்டிலில் டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால். இயந்திர பம்ப் எஞ்சினருகே இருந்து இழுப்பதால், வழியில் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தால் பெரும்பாலும் காற்றை உறிஞ்சி வண்டி நின்றுவிடும். மின்சார பம்பை டேங்கருகே வைத்தாலோ குழாய் முழுவதும் அழுத்தத்துக்கு உள்ளாகி, அதே விரிசல் பெட்ரோலை வெளியே கக்கும். எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடாதிருக்கத் தனி துண்டிப்பு ஸ்விட்ச் தேவை.

எங்கள் வண்டியிலும் குற்றம் பம்பில் இல்லை. எஞ்சின் ஆறிய பின் தீப்பொறி எழாதபடி இக்னிஷன் காயிலின் நடு வயரைக் கழற்றித் தரையிணைத்து, பம்பின் வெளிக்குழாயைப் புட்டியில் விட்டுச் சுழற்றினேன். பெட்ரோல் சொட்டியதே தவிரப் பீறிடவில்லை. உள்குழாயைப் பெட்ரோல் உள்ள தனி டின்னில் விட்டு மீண்டும் சுழற்றியபோது துடிப்புத் துடிப்பாகப் பாய்ந்தது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய்தான் விரிசல் விட்டிருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்பை மாற்றுவது வீண் செலவு.

பம்பே பழுதென்றால் முதலில் எண்ணெய் அளவுக்கோலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் உயர்ந்திருந்தாலோ பம்பினுள் பெட்ரோலை உந்தும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும். அப்படியே ஓட்டினால் எண்ணெய் நீர்த்து பேரிங்குகள் தேயும். புதிய பம்ப் வாங்கும்போது பம்பை இயக்கும் தள்ளுகோலின் நீளத்தையும் அளக்க வேண்டும்: பேட்டரியை டைனமோ சார்ஜ் செய்யும் வண்டிக்கு உரிய பம்புக்கு 108 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் வண்டிக்கு உரியதற்கு 100. பம்பின் அடியிலுள்ள தடித்த பேக்கலைட் (கெட்டிப் பிளாஸ்டிக்) துண்டை விட்டுவிட்டால் கோல் அளவுக்கு மீறித் தள்ளி, புது டயாஃப்ரத்தையே கெடுத்துவிடும்.

மின்சார பம்பை நான் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்ததில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் அது அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் குறையின்றி ஓடுகிறது. அதைத்தான் விரும்புகிறவர்கள், பம்ப் வாங்குவதற்கு முன் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லா ரப்பர் குழாய்களையும் கிளாம்ப்புகளையும் மாற்றிவிடுங்கள்.