கேசட்டைக் கொடுத்துவிட்டு வெறும் லிங்க்கோடு வராதீர்கள்

ஆரணி, போளூர் பக்கம் எங்கே பாரதக் கூத்து நடந்தாலும் அப்பா டேப் ரிக்கார்டரோடு கிளம்பிவிடுவார். விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்தது மொத்தம் 38 கேசட். ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப்பெயர், 'அர்ச்சுனன் தபசு, 2ஆம் பக்கம்' என்று நீல மையில் அவர் கையெழுத்து இருக்கும்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், கேசட்டுக்கு 150 ரூபாய், எம்பி3 ஆக்கி கிளவுடில் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். 5,700 ரூபாய் கட்டினேன். வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. கூத்தில் ஊதும் முகவீணைச் சத்தம் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் கேசட்டைக்கூட அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் லிங்க் திறக்கவில்லை. கடைக்கு ஓடினேன். "அந்த மெயில் ஐடில இடம் ஃபுல் ஆயிடுச்சி சார், பழசெல்லாம் அழிச்சிட்டோம்" என்றார். ஏற்றியது முழுக்க அவர்கள் கணக்கில்! கேசட் எங்கே என்றால், "பூஞ்சை புடிச்சிருந்துச்சி, எடைக்குப் போட்டுட்டோம்."

போனில் இறக்கி வைத்திருந்த 7 ஃபைல்தான் மிச்சம். அதிலும் ஏமாற்று. ரசீதில் 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு; குறைந்தால் தரமும் குறையும்) என்று இருக்கிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரக் கேசட் 144 எம்பி வர வேண்டும். இருப்பது 29 எம்பி, அதாவது 64 கேபிபிஎஸ். தாளச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கிறது.

கேசட் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் பென் டிரைவில், எம்பி3 போலத் தரம் குறைக்காத வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு வேவ் 600 எம்பிக்கு மேல் இருக்கும். கேசட்டையும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். கிளவுடில் ஏற்றுவதை வீட்டில் உங்கள் மெயில் ஐடியிலேயே செய்யுங்கள். 2020இல் கூகுள் ப்ளே மியூசிக்கை மூடியபோது, ஏற்றி வைத்த பாட்டுகளை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். கணக்கு கடைக்காரருடையது என்றால் அப்படி ஒரு தகவல்கூட நமக்கு வராது.

ஏற்கெனவே இப்படிக் கொடுத்தவர்கள் லிங்க் வேலை செய்யும்போதே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், இன்றைக்கே.

ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பணம் வந்தாலும் வரலாம். ஆரணி, போளூர் பக்கம் யார் வீட்டிலாவது பழைய கூத்துக் கேசட் இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்துகொள்கிறேன்.