ஹீட் பம்ப் சரி, அதன் கடிகாரம்தான்…

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் வெருலத்தில் வீடு கட்டும் நண்பர் கேட்டார்: "பிளான் பாஸ் ஆகணும்னா சோலார் கீசர், இல்லேன்னா ஹீட் பம்ப் காட்டணுமாம். உங்க வீட்டுலதான் இருக்கே, எப்படிண்ணே?" போன வாரம்தான் ரிப்பேர்காரருக்குக் காசு கொடுத்து அனுப்பினேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

அவர் சொல்வது 2011இல் வந்த சான்ஸ் 10400-எக்ஸ்ஏ என்ற தென்னாப்பிரிக்கக் கட்டட விதி. புது வீட்டுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் சுடுதண்ணீரில் பாதியாவது மின்சார எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) இல்லாமல் சூடாக வேண்டும். நல்ல விதிதான். ஹீட் பம்ப் காற்றில் உள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. பழைய கீசர் தின்ற கரண்டில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போதும். டர்பன் கடலோரத்தில், எங்கள் இசிபிங்கோவில் குளிர்காலமான ஜூலையில்கூடக் காற்று அப்படியொன்றும் ஜில்லிடாது, அதனால் நன்றாகவே ஓடுகிறது. ப்ரீபெய்ட் மீட்டரைப் பார்த்தால் மனசு குளிரும். உப்புக்காற்றில் வெளிப்பெட்டி துருப்பிடிக்கிறது, போகட்டும். பிப்ரவரிப் புழுக்கத்தில் பின்வாசலில் அது ஊதும் குளிர்ந்த காற்றுக்காகவே அம்மா நாற்காலியை அங்கே கொண்டுபோய்விட்டார்.

ஆனால் எப்போது ஓட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் அந்தக் கடிகாரம்! கரண்ட் போய் வந்தால் 00:00 என்று மினுக்கும். 2022, 2023இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது இதுவே பிழைப்பாகிப் போனது. மத்தியான வெயிலில் ஓட வேண்டியது நடுராத்திரியில், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உறுமும். இல்லையா, ஓடாமலே கிடக்கும். தண்ணீர் ரொம்ப ஆறிவிட்டால் உதவிக்கு வைத்த எலிமென்ட் தானாக எரியத் தொடங்கும். விதி எதைக் குறைக்கச் சொன்னதோ, அதுவே! பிளானில் கையெழுத்துப் போட்டவர் இதையெல்லாம் வந்து பார்க்கவா போகிறார்?

போன ஆடிக் கூழுக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள். விடியுமுன் தலைக்குக் குளிக்க வரிசை. முந்தின நாள் கரண்ட் போய் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது ஆளோடு சுடுதண்ணீர் தீர்ந்தது. ஹீட் பம்ப் மெதுவாகத்தான் சூடாக்கும், அவசரத்துக்கு உதவாது. அத்தை கூழ்ப் பானையை இறக்கிவிட்டு அதே அடுப்பில் வெந்நீர் அண்டாவை ஏற்றினார். "இத்தனை காசு கொட்டி வாங்கினது இதுக்குத்தானா?" என்று அவர் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. நேரத்தைக் காப்பாற்றுவது அதுதானாம். செத்துவிட்டது. சர்க்யூட் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பதால் தனியாக மாற்ற முடியாது, முழுப் பலகையும் புதிது போட வேண்டும் என்றார். போட்டோம். மறுநாள் தெருவில் கரண்ட் போனது. வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன்: 00:00.

மீட்டரைப் பார்த்தால் வாங்கச் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கேட்டால், தம்பி, வேண்டாம், சோலார் போடுங்கள். ஹீட் பம்ப்தான் என்று பிடிவாதமாக இருந்தால், கடையிலேயே ஸ்விட்சை அணைத்துப் போட்டு நேரம் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். படுக்கையறைப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.