கடல் காற்றை அளக்க லேசரா, ரேடாரா?
நாகப்பட்டினத்தில் விடியற்காலை கடல் அசையாமல் கிடந்தால் படகு விளக்கு தண்ணீரில் ஒரே கோடாகத் தெரியும், கொண்டல் காற்று கிளம்பியதும் சிதறிவிடும். 2006-இல் ஏவிய கலிப்சோ செயற்கைக்கோளின் லேசரை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டதும் இப்படித்தான், அலை சொரசொரப்பானால் திரும்பும் ஒளி குறையும். சாய்வாகப் பார்க்கும் ரேடாரில் நேர்மாறு, சொரசொரப்பு கூடினால் எதிரொலியும் கூடும். லேசர் கடலில் விழும் வட்டம் நூறு மீட்டர்கூட இல்லை, அதனால் கரையோரத்திலும் குழப்பமில்லை, ரேடார் அங்கே நிலத்தையும் சேர்த்துப் பார்த்துத் தடுமாறும்.

சரி, புயலுக்கு? என் ஓட்டு ரேடாருக்குத்தான். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இருந்த மேகத்தில் லேசர் என்ன செய்யும், காற்றின் திசையையும் அது சொல்லாது! 2021 வரை காற்றை அளந்த இஸ்ரோவின் ஸ்கேட்சாட்-1 செயற்கைக்கோளில் இருந்தது மாதிரி ரேடார் மேகத்தைத் துளைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலமாக, திசையோடு அளக்கும். கனமழை கொட்டினால் அதற்கும் திண்டாட்டம்தான்.