‘வேற என்னங்கய்யா?’ என்று கேட்கிற கிளினிக்

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு சின்ன கிளினிக். மூன்று படி ஏறினால் ஒரு வராந்தா, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, உள்ளே ஒரே ஒரு டாக்டர். ஃபீஸ் 250 ரூபாய். ஏழு நாளைக்குள் மறுபடி போனால் காசு வாங்குவதில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிறேன். மிச்சம் ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு வயது 72. 1979ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்தேன். 1997ல் கழகத்தின் பெயர் மாறியது, என் வேலை மாறவில்லை. 2011ல் ஓய்வு. பாதிக் காலம் தேனி வண்டிதான். 32 வருஷம் எஞ்சின் சத்தத்தில் நின்றதில் இடது காது பாதி போய்விட்டது. பிபி பத்து வருஷமாக இருக்கிறது, புராஸ்டேட் தொந்தரவு நாலு வருஷமாக. சர்க்கரை இல்லை. கூட வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் நான் நல்ல கண்டிஷனில் ஓடுகிற வண்டிதான்.

எங்கள் தெருவில் முன்பு ஒரு கைராசி டாக்டர் இருந்தார். கம்பவுண்டர் கண்ணாடி பாட்டிலில் சிவப்பு மருந்தை ஊற்றி, அளவுக்குக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பாரே, அந்தக் காலத்திலிருந்து அவர்தான் எங்களுக்கு. என் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததும் அவருக்குத் தெரியும், நான் டிப்போவில் சஸ்பெண்ட் ஆனதும் தெரியும். 2019ல் முடியாமல் போய் கிளினிக்கை மூடிவிட்டார். அப்புறம் எனக்கென்று ஒரு டாக்டர் இல்லை. பிபிக்கு ஒருவர், மூத்திரத்துக்கு ஒருவர், கால் வீக்கத்துக்கு ஒருவர் என்று பஸ் மாறி பஸ் ஏறுகிற கதைதான்.

போன ஆடி மாதம் கிறுகிறுப்பு ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்கு ஒன்றுக்கு எழுந்தால் தலை சுற்றிக் கண் இருட்டும். இரண்டு முறை சுவரைப் பிடித்துச் சமாளித்தேன். மூன்றாவது முறை பாத்ரூம் வாசலில் விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. மகன் பயந்துபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பெயர் வேண்டாம். அங்கே கழுத்துக்கு ஸ்கேன், காதுக்கு ஒரு சோதனை, ரத்தம் ஏழு குழாய். நான்கு முறை போய்வந்ததில் 14,300 ரூபாய் ஆனது. கண்டக்டர் புத்தி, பில்லை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். இந்த வயதில் யாருக்குத் தேயவில்லை? கிறுகிறுப்புக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள். டாக்டர் என் மகனைப் பார்த்தே பேசினார். “பேஷண்டுக்கு வயசாயிருச்சுல்ல, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்றார். பேஷண்ட் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்த நாலு தடவையில் ஒருவர்கூட என்னிடம் “எப்போ சுத்துது?” என்று கேட்கவில்லை.

இந்தக் கிளினிக்கைச் சொன்னது ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் சந்தித்த பழைய டிரைவர் ஒருவர். “அந்தம்மா பேச விடும்ண்ணே” என்றார். மருத்துவத்துக்கு இப்படி ஒரு சிபாரிசை நான் அதுவரை கேட்டதில்லை. போர்டில் எம்.பி.பி.எஸ்., அதன் கீழே குடும்ப மருத்துவம் என்று ஒரு மேல்படிப்பு போட்டிருந்தது. நாற்பது வயது இருக்கும். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “வேண்டாங்கய்யா, கூட்டம் கூடிருச்சுன்னா உங்ககிட்டயே இவ்வளவு நேரம் பேச முடியாது” என்றார். அதனால் எழுதவில்லை.

முதல் நாள் மகனும் வந்திருந்தான். உட்கார்ந்ததும் அவன்தான் ஆரம்பித்தான்: “மூணு மாசமா தலை சுத்துதுன்னு சொல்றாரு டாக்டர், ஸ்கேன்ல வந்து...” அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “ஒரு நிமிஷம் தம்பி. ஐயா சொல்லட்டும்.” நான் தலையைத் திருப்பிக் கேட்பதைப் பார்த்துவிட்டு, எந்தக் காது நல்லா கேட்கும் என்று விசாரித்து, நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அங்கேயே பாதி வியாதி குறைந்த மாதிரி இருந்தது. மிகைப்படுத்துகிறேன், ஆனால் ரொம்ப இல்லை.

சொல்லி முடிக்கிற வரை பேனாவைத் தொடவில்லை. அப்புறம் கேள்விகள். படுக்கும்போது சுற்றுகிறதா, எழுந்திருக்கும்போதா? வீடு சுற்றுகிற மாதிரியா, கண் இருட்டுகிற மாதிரியா? என்னென்ன மாத்திரை? சீட்டை நீட்டினேன். “சீட்டு வேண்டாம், வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டாங்க” என்று மகனை அனுப்பிவிட்டு, என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து பிபி பார்த்தார்: 148/82. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை: 116/70. எனக்குக் கண் இருட்டியது. பிடித்துக்கொண்டார். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20ஓ அதற்கு மேலோ இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய விஷயமாம். எனக்கு 32 இறங்கியிருந்தது. பத்து வருஷமாக எத்தனையோ பேர் எனக்கு பிபி பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் உட்காரவைத்துத்தான் பார்த்தார்கள்.

மகன் பையோடு வந்தான். எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினார். பழைய டாக்டர் எழுதி நான் தொடர்ந்து வாங்கிவந்த பிபி மாத்திரை ஒன்று, அது அம்லோடிபின் 5. பிபிக்காக அப்புறம் போனவர் எழுதிய மாத்திரை இன்னொன்று, வேறு பெயர், வேறு கலர், அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் டெல்மிசார்ட்டன் கூட அம்லோடிபின் 5. அதாவது ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு மடங்கு விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த மருந்து அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்குமாம். எனக்கு வீங்கியது. வீக்கத்துக்குப் போன இடத்தில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். நீர் போகப் போக, எழுந்தால் பிபி இறங்கும். போதாததற்குப் புராஸ்டேட்டுக்கு இரவில் போடுகிற மாத்திரைக்கும் எழுந்து நின்றால் பிபியை இறக்கும் குணம் உண்டு. கடைசியில் கிறுகிறுப்புக்கு என்று ஒரு மாத்திரை வேறு. மாத்திரை உண்டாக்கிய வியாதிக்கு மாத்திரை, அதற்கு மேல் ஒரு மாத்திரை.

இதில் என் பங்கும் உண்டு. “நீர் மாத்திரையை எப்போ போடுவீங்க?” என்று கேட்டார். காலையில் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டால் பகலில் பஸ்ஸில் எங்கும் போக முடியவில்லை என்று நானாகச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். அதனால்தான் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. டாக்டரம்மா திட்டவில்லை. “பஸ்ல போறவருக்கு இது கஷ்டந்தான்” என்றார்.

உப்புச் சத்தும் கிட்னி அளவும் ரத்தத்தில் பார்த்து, ஒரு இ.சி.ஜி. எடுத்து, மறுநாள் இரட்டையாக இருந்த மாத்திரையையும் கிறுகிறுப்பு மாத்திரையையும் நிறுத்தினார். நீர் மாத்திரையைப் பாதியாக்கி, வீக்கம் வடிந்ததும் அதையும் நிறுத்தினார். புராஸ்டேட் மாத்திரையைத் தொடவில்லை. அதை எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் டாக்டர் முன்னால் கொட்டுங்கள், அது போதும்.

எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்காரச் சொன்னார். நான் தலையாட்டினேன். செய்ய மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “வண்டி நின்னப்புறம் இறங்குங்கன்னு எத்தனை பேர்கிட்ட கத்தியிருப்பீங்க? அதேதாங்கய்யா இது.” அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சீட்டெல்லாம் எழுதி முடித்த பிறகு, கிளம்பலாம் என்று நான் எழுந்தபோதுதான் கேட்டார்: “வேற என்னங்கய்யா?”

வேற ஒன்றும் இல்லை என்றேன். அவர் பேசாமல் இருந்தார். நான் என்ன நினைத்தேனோ, வீட்டுக்காரி போய் இரண்டு வருஷம் ஆகிறது, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தூக்கம் வருவதில்லை என்று சொல்லிவிட்டேன். மகன் குனிந்துகொண்டான். ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள், யார் செய்கிறார்கள் என்று கேட்டார். கடை இட்லி, இல்லாவிட்டால் கஞ்சியும் ஊறுகாயும். தூக்க மாத்திரை எழுதவில்லை. உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, சாயங்காலம் யாரோடாவது நடக்கப் போக முடியுமா என்று கேட்டார். சிபாரிசு செய்த அந்த டிரைவரோடுதான் இப்போது நடக்கிறேன்.

வாட்சைப் பார்ப்பது எனக்கு வேலையில் வந்த பழக்கம். படுக்க வைத்து, நிற்க வைத்து, பையைக் கொட்டி எல்லாம் சேர்த்து முதல் நாள் 41 நிமிடம். 67 நாடுகளின் கணக்கைச் சேர்த்து 2017ல் ஒரு ஆய்வு வந்ததாம், மகள் போனில் படித்துக் காட்டினாள். வெளிநோயாளியிடம் டாக்டர் செலவழிக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 வினாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், நம் நாட்டில் சுமார் 2 நிமிடம். முதியோருக்கென்றே கிண்டியில் 2024ல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கிறுகிறுத்தால் மதுரையிலிருந்து 450 கிலோமீட்டருக்குப் பஸ் ஏற முடியுமா? தெருமுனையில் நம் காதைத் தெரிந்த ஒருவர் வேண்டியிருக்கிறது.

வீட்டில் கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்கி, நோட்டில் வே பில் (கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதும் தாள்) மாதிரி கோடு போட்டு எழுதிவருகிறேன்: நேரம், படுத்து, நின்று. ஆறு வாரத்தில் மேல் அளவு 144க்கும் 134க்கும் நடுவில் நிற்கிறது. விழவில்லை. கால் வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது, பழைய செருப்பு மறுபடி கொள்கிறது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் பிபி மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம், கடையில் காசு கொடுக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொன்னார். வாங்கியதும் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன், பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சரி என்றார்.

இனி அந்த ஒரு நட்சத்திரம். போனில் டோக்கன் கிடையாது, நேரில் போய்ப் பேர் எழுத வேண்டும். எழுதிவிட்டு ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர் ஒருவரிடம் அவ்வளவு பேசினால் அடுத்தவர் காத்திருக்கத்தானே வேண்டும் என்கிறீர்களா? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புராஸ்டேட்காரன் இரண்டு மணி நேரம் உட்காருகிற இடத்தில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது, குத்தவைக்கிற கழிப்பறை, விளக்கு எரிவதில்லை. வாசலில் இருக்கும் மூன்று படிக்கும் பிடிக்கக் கம்பி இல்லை. கிறுகிறுப்புக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் கம்பி இல்லையே என்று போன வாரம் சொன்னேன். சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். கம்பி போட்டதும் ஐந்தாவதையும் போட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது வரை. நாலரைக்கே போய்ப் பேரை எழுதிவிடுங்கள். வியாழக்கிழமை லீவு.