டிவியோடு சேர்த்து ‘சர்ஜ் ப்ரொடெக்டர்’ தலையில் கட்டினால் உஷார்

புது டிவி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. பில் போடும் நேரம் பார்த்து, "கரண்ட் ஏறி இறங்குச்சுன்னா பேனல் போயிடும்ணா, இதையும் எடுத்துக்குங்க" என்று ஒரு பெட்டியை நீட்டுவார்கள். எங்களுக்கு நீட்டியது நான்கு சாக்கெட், ஒரு சுவிட்ச், ஒரு பச்சை விளக்கு உள்ள வெள்ளைப் பெட்டி. அட்டையில் கொட்டை எழுத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எகிறும் வோல்டேஜிலிருந்து காப்பாற்றுவது) என்று போட்டிருந்தது. விலை 1,450 ரூபாய். டிவிக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பு என்று வாயாரச் சொன்னார்கள்.

உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று. அப்படி அடித்த ஒரு சாயங்காலம் எங்கள் தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, அறுந்துவிட்டது. எங்கள் வீட்டு பல்பெல்லாம் கண்ணைக் கூசுகிற அளவுக்கு எரிகிறது, ஃபேன் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது, எதிர் வீட்டிலோ விளக்கு அழுது வடிகிறது. ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் டிவிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாடை. மறுநாள் கரண்ட் வந்ததும் டிவி அசையவில்லை. அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

கம்பெனி சர்வீஸிலிருந்து வந்தவர் பின்மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தார். வோல்டேஜ் பிரச்சினைக்கு வாரண்டி கிடையாது, பவர் போர்டு, மெயின் போர்டு இரண்டையும் மாற்ற வேண்டும், 13,500 ஆகும் என்றார். பார்க்க வந்ததற்கு காசு தனி. வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனோம். பவர் போர்டில் ஃபியூஸ் கருகியிருந்தது, பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு சாமானோடு சேர்த்து மாற்றி 1,800 ரூபாயில் வேலை முடிந்தது. மெயின் போர்டை அவர் தொடவே இல்லை.

அப்புறம்தான் அந்த வெள்ளைப் பெட்டியையும் திறக்கச் சொன்னோம். உள்ளே சின்னதாக ஒரு போர்டு. அதில் ‘எம்.ஓ.வி’ என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு வட்டமும் இரண்டு ஓட்டையும். ஓட்டையில் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்ட வில்லை ஒன்று இருக்க வேண்டும். சர்ஜ் வந்தால் அதை வாங்கிக்கொள்வது அதுதான். பத்து இருபது ரூபாய் சாமான். "விளக்கு எரியறதுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்காங்க, அவ்வளவுதானுங்க" என்றார் அண்ணன். மூன்றாவது பின்னிலிருந்து வர வேண்டிய எர்த் ஒயரும் சாக்கெட் வரை போகவில்லை.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வில்லை இருந்திருந்தாலும் நியூட்ரல் அறுந்தால் முழுசாக நம்ப முடியாது. மின்னல், மோட்டார் ஆன்-ஆஃப் இவற்றால் கண் சிமிட்டும் நேரத்துக்கு எகிறுகிற வோல்டேஜை அது தாங்கும். நியூட்ரல் போனால் கதை வேறு. 230 வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரைக்கும் ஏறி, யாராவது அணைக்கும் வரை நிற்கும். டிவிக்குள் அது டிசியாக மாறும்போது 565 வோல்ட். கெபாசிட்டர் தாங்குவது 450. வெடிக்காமல் என்ன செய்யும்?

கடைக்குப் போனோம். பில்லை எடுக்கச் சொன்னார்கள். அதில் ‘எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்’ என்று அடித்திருந்தார்கள்! "நாங்க ப்ரொடெக்டர்னு பில் போடலையே" என்று கூசாமல் பதில். கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு, அதே மாதிரி வேறொரு பெட்டி தருவதாக இறங்கி வந்தார்கள். அதை இங்கேயே திறந்து காட்டுங்கள் என்றதற்கு, திறந்தால் வாரண்டி போய்விடுமாம். அதற்கும் மேல், டிவிக்கு ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கணும்ணா என்று அடுத்த வியாபாரம் வேறு. எங்கள் டிவியின் பின்பக்க ஸ்டிக்கரிலேயே 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறது. லோ வோல்டேஜ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஹை வோல்டேஜில் லைனை வெட்டிவிடுகிற வசதி இல்லாத ஸ்டெபிலைசரால் இந்த விஷயத்தில் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அட்டையை போட்டோ எடுத்து, பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் பில்லில் சர்ஜ் ப்ரொடெக்டர் என்று அடிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். எவ்வளவு பெரிய சர்ஜை வாங்கிக்கொள்ளும் என்பதற்கான அளவு ஜூல். எத்தனை ஜூல் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விலைதான் கொடுக்கலாம்.

நியூட்ரல் பிரச்சினைக்கு வழி வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்தில்தான். எலக்ட்ரிகல் கடையில் ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் என்று கேட்டால் கிடைக்கும். வோல்டேஜ் 270 போல எகிறினால் வீட்டு லைனையே வெட்டிவிட்டு, சரியானதும் தானாகச் சேர்த்துக்கொள்ளும். இப்போது மாட்டியிருக்கிறோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்று போதும். மாட்டுகிற எலக்ட்ரீஷியனிடம் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் எந்த சர்ஜ் ப்ரொடெக்டரும் பாதி வேலைதான் செய்யும்.

இடி இடிக்கும்போது ரிமோட்டில் அணைப்பது கணக்கே இல்லை. சுவர் சுவிட்சும் கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் இறங்கி எச்டிஎம்ஐ போர்ட்டைத் தின்றுவிடும்.