எழுதியதை எங்கே வைப்பது: சமூகத்தளமா, சொந்த வலைப்பதிவா?

போன மாதம் கனடாவிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, வெள்ளவத்தையில ஒழுங்கைக்குள்ள வெள்ளம் வந்ததைப் பற்றி எழுதினீங்களே, அந்த லிங்கைத் தாங்கோ." அதை எழுதியது ஒரு சமூகத்தளத்தில். வருடம் நினைவில்லை. அரை மணி நேரம் விரலால் தள்ளித் தள்ளிக் களைத்துப்போய் விட்டுவிட்டேன். வலைப்பதிவில் போட்டிருந்தால் 'வெள்ளம்' என்று தட்டியதும் வந்திருக்கும்.

வாசகர் தொகையில் போட்டியே இல்லை, சமூகத்தளம்தான். காசும் கேட்காது. சரி, அதை விடுவோம்.

எனக்குப் பெரிய விஷயம் முகவரி. முதலில் வலைப்பதிவை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம், அதாவது தளத்தின் கோப்புகளுக்கு இணையத்தில் இடம் வாடகைக்குத் தருகிற நிறுவனம், ஒருநாள் கையை விரித்தது. காப்புக் கோப்பை எடுத்துக்கொண்டு ஒரே சனிக்கிழமையில் வேறிடத்துக்கு மாறினேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், என் பெயரில் இருந்ததால் பழைய இணைப்பு ஒன்றுகூட உடையவில்லை. 2019 ஏப்ரலில் கூகுளின் சமூகத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது நடந்தது வேறு. எழுதியதைத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் மற்றவர்கள் குறித்து வைத்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இங்கே இலங்கையில் சமூகத்தளங்கள் முடக்கப்பட்டன. அன்று என் வலைப்பதிவு வழமைபோலத் திறந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை, ஏனென்றால் இணைப்பைப் பகிர்வதும் அதே சமூகத்தளங்களில்தானே!

நடுவழியும் உண்டு. கூகுளின் வலைப்பதிவுச் சேவையான புளொக்கர் இலவசம்; சொந்த டொமைனையும் அதில் பொருத்தலாம். ஹோஸ்டிங் தலையிடி வேண்டாம் என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். நாளைக்கு அதுவும் போனால், கோப்பையும் பெயரையும் தூக்கிக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போய்விடலாம்.

பராமரிப்பில் உதைப்பது டொலர். வருடத்துக்குப் பன்னிரண்டு டொலர் டொமைன், 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 2,400 ரூபாய். அதே வருட நடுவில் 4,300ஐத் தாண்டியது. அதைவிட ஆபத்து மறதி. புதுப்பிக்கும் கெடு தப்பினால் கொஞ்ச நாள் தவணை கிடைக்கும், அப்புறம் மீட்க மேலதிகக் கட்டணம், அதுவும் தப்பினால் பெயரை யாரும் வாங்கலாம். விளம்பர வருமானத்தை நான் முயன்று பார்த்ததில்லை. அந்தக் கணக்கில் என் பேச்சை நம்ப வேண்டாம்.

என் டொமைனுக்கு நவம்பரில் கெடு. பணம் கட்டும் வங்கி அட்டை ஒக்டோபரில் காலாவதியாகிறது. நாளைக்கே வங்கிக்குப் போக வேண்டும்.