மூன்று ஆண்டுகள் ஹாலோகிராம் கணக்குப் போட்ட பிறகு

கேமராவில் பதிவான ஹாலோகிராமிலிருந்து (பொருளில் பட்டு வந்த ஒளியும் நேரே வந்த ஒளியும் கலந்து உண்டாகும் கோடுகளின் பதிவு) பொருளின் உருவத்தைக் கணக்குப் போட்டு மீட்பது ஒரு வேலை. எங்குமே இல்லாத பொருளுக்குக் கணினியில் ஹாலோகிராம் எழுதி லேசர் ஒளியில் தெரியவைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் மூன்று ஆண்டாகப் பைத்தானில் செய்துகொண்டிருக்கிறேன். 532 நானோமீட்டர் பச்சை லேசர், 3.45 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா, ஒளியின் கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) மாற்றும் 8 மைக்ரான் பிக்சல் எல்.சி.ஓ.எஸ். (சிலிக்கான் மீது திரவப் படிகம்) திரை ஒன்று. முறைகளின் பட்டியல் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். தினமும் புழங்கினால் எது தாக்குப்பிடிக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மீட்பதற்கு எல்லோரையும் போல, ஒளி பரவுவதைத் தோராயமாகக் கணக்கிடும் ஃபிரெனெல் முறையில்தான் ஆரம்பித்தேன். ஒரே ஒரு ஃபூரியர் உருமாற்றம் (படத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு), பத்து வரி நிரல், உடனே படம். 1994-ல் ஷ்னார்ஸும் யூப்ட்னரும் சிசிடி கேமராச் சில்லில் நேரடியாகப் பதிந்து கணினியில் மீட்டுக் காட்டியதும் இந்த வழியில்தான். தொல்லை என்னவென்றால், தூரம் மாறினால் மீண்ட படத்தின் பிக்சல் அளவும் மாறிவிடும். என் 2048 பிக்சல் அகலத்துக்கு 30 செ.மீ. தூரத்தில் ஒரு பிக்சல் 22.6 மைக்ரான், 60 செ.மீ.யில் 45 மைக்ரான். குவியம் தேடித் தூரத்தை நகர்த்தினால் காட்சியே விரிந்து சுருங்கும், இரண்டு படங்களை ஒப்பிடவே முடியாது.

ஆறு மாதத்தில், ஒளியைப் பல திசைகளில் போகும் தட்டை அலைகளாகப் பிரித்து நகர்த்தும் கோண நிறமாலை முறைக்கு மாறிவிட்டேன். இதற்கு இரண்டு உருமாற்றம் தேவை, ஆனால் எந்தத் தூரத்திலும் பிக்சல் அதே 3.45 மைக்ரான்தான். சிக்கல் வேறு இடத்தில் வரும்: என் கேமராவின் அளவுக்கு 4.6 செ.மீ.யைத் தாண்டினால் கணக்கின் ஓரப்பகுதிகளில் மாதிரிப்புள்ளிகள் போதாமல் பொய்ப் பிம்பங்கள் முளைக்கின்றன. சுற்றிலும் பூச்சியங்களை நிரப்பினால் அந்த எல்லை இரட்டிப்பாகும். அதற்கும் மேலே போக, மட்சுஷிமாவும் ஷிமோபாபாவும் 2009-ல் சொன்னபடி உயர் அதிர்வெண்களை வெட்டிவிட வேண்டும். அதைச் சேர்த்த நாளிலிருந்து இந்த நிரலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொல்லலாம், ஒரே ஒரு முறை தவிர.

அந்த ஒரு முறை என்னை இரண்டு வாரம் அலையவிட்டது. வேகத்துக்காகக் கணக்கை கிராஃபிக்ஸ் அட்டைக்கு மாற்றி, நினைவகம் மிச்சமாகட்டும் என்று எல்லா எண்களையும் 32 பிட்டுக்குக் குறைத்திருந்தேன். 5 செ.மீ.யில் படம் நன்றாக வந்தது. 60 செ.மீ.யில் படம் முழுக்க மணல் தெளித்தது போல இரைச்சல். லென்ஸைத் துடைத்தேன், கேமராவைச் சந்தேகப்பட்டேன், மேசை அதிர்கிறதோ என்று கேமராவின் மின்விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தேன். கடைசியில், அந்தத் தூரம் போகும்போது ஒளி எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் பரிமாற்றச் சார்பின் கட்டத்தைப் படமாக வரைந்தபோது, வழவழப்பாக இருக்க வேண்டிய வளையங்கள் படிக்கட்டுப் படிக்கட்டாக நின்றன. 60 செ.மீ. தூரத்துக்கு ஒளியின் மொத்தக் கட்டம் சுமார் 70 லட்சம் ரேடியன். அந்த அளவு எண்ணை 32 பிட்டில் வைத்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே அரை ரேடியன் இடைவெளி! முழுச் சுற்றே 6.28 ரேடியன்தான். கட்டத்தை மட்டும் 64 பிட்டில் கணக்கிட்டு, ஒரு சுற்றுக்குள் மடித்து, அப்புறம் 32 பிட்டுக்கு இறக்கினேன். மணல் போய்விட்டது.

தானாகக் குவியம் கண்டுபிடிக்கும் நிரலும் ஒரு பாடம் கற்பித்தது. தூசு, தலைமுடி போன்ற ஒளியை மறைக்கும் பொருள்களுக்கு மாறுபாடு (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) உச்சமாக இருக்கும் தூரமே குவியம். அதே அளவுகோலைக் கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டியெடுத்த செல்களுக்கு வைத்தேன். நிரல் அடம்பிடித்து ஒவ்வொரு முறையும் தவறான இடத்தில் போய் நின்றது. அந்தச் செல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, ஒளியின் கட்டத்தை மட்டும்தான் மாற்றுகிறது. சரியான குவியத்தில், பிரகாசத்தைக் காட்டும் வீச்சுப் படத்திலிருந்து அது ஏறக்குறைய மறைந்தே போகும். உச்சத்துக்குப் பதில் குறைந்தபட்சத்தைத் தேடச் சொன்னதும் சரியாயிற்று.

இனி உருவாக்கும் பக்கம். கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் 1972-ல் கொடுத்த, திரைக்கும் படத்துக்கும் இடையே கணக்கை மாறி மாறி ஓட்டித் திருத்தும் சுழற்சி முறையை ஒரு வருடம் விடாமல் ஓட்டினேன். முதல் இருபது சுற்றுகளில் படம் மளமளவென்று தேறும், அதற்குப் பிறகு எத்தனை சுற்று ஓட்டினாலும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் நகராது. எழுத்து, சதுரம் போன்ற எளிய உருவங்களுக்குப் பரவாயில்லை. முகம் மாதிரி மென்மையான சாயல் உள்ள படங்களுக்கு இப்போது இரட்டைக் கட்ட முறைதான். ஒவ்வொரு புள்ளியின் வீச்சையும் கட்டத்தையும் இரண்டு கட்டங்களாகப் பிரித்து, சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி அடுக்குவது. சுழற்சியே இல்லை, ஒரே கணக்கில் முடியும், படமும் வழவழப்பு. கணிசமான ஒளி வீணாகிறது, நடுவில் துளைத் தட்டு வைத்து வடிகட்ட வேண்டும். எனக்கு அது சம்மதம்.

ஆனால் முறையைக் குறைசொல்வதற்கு முன் திரையைப் பாருங்கள் என்பேன். நான் வாங்கியது பழைய திரை. கூடவே வந்த அளவுத்திருத்தக் கோப்பு 633 நானோமீட்டர் சிவப்புக்கானது. அதைப் பச்சையில் போட்டால் 255 என்ற சாம்பல் மதிப்பு ஒரு சுற்றைத் தாண்டிக் கிட்டத்தட்ட 1.2 சுற்று போய்விடும். நடுவில் ஒரு பிரகாசப் புள்ளி எரிந்துகொண்டே இருக்க, மாதக்கணக்கில் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன்! பச்சைக்குத் தனியாக அளந்து போட்டதும் அது பாதிக்கு மேல் மங்கியது. மிச்சத்தை, ஹாலோகிராமோடு ஒரு லென்ஸின் கட்டத்தைக் கூட்டி, படத்தை வேறு தூரத்துக்குத் தள்ளிச் சமாளிக்கிறேன். இந்தத் திரையால் ஒளியை இரு பக்கமும் 1.9 பாகைக்கு மேல் வளைக்க முடியாது, ஒரு மீட்டரில் 6.6 செ.மீ. அகலம்தான். அறைக்கு நடுவே மிதக்கும் உருவத்தைக் கற்பனை செய்துகொண்டு இதை வாங்குபவர்கள் இந்த எண்ணை முதலில் பார்த்துவிடுங்கள்.

நரம்பணு வலைப்பின்னல் முறைகளையும் கொஞ்சம் தொட்டேன். வேகம் அபாரம். ஆனால் வேறு திரையில் பயிற்சி பெற்ற மாடல் என் திரையின் கோணல்களை அறியாது, கேமராவை வைத்து மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது மீதி இருக்கும் தலைவலி, ஒரு சுற்றுக்குள் மடிந்து வரும் கட்டத்தை விரித்து முழு மதிப்பைப் பெறுவது. மென்மையான செல்லுக்குச் சிரமமில்லை. செங்குத்தான படி வந்தால் எத்தனை சுற்று தாண்டியது என்று நிரலுக்குத் தெரியாது. அதற்கு 633 நானோமீட்டர் சிவப்பையும் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 3.3 மைக்ரான் அலைநீளம் போல வேலை செய்யும். சிவப்பு லேசர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இரண்டு கற்றைகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் இன்னும் கைகூடவில்லை.